ஹைடல்பெர்க்கில் எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் முடிகிறது, கூடப் படித்தவர்களோடு கடைசி நாளை எப்படிக் கழித்தீர்கள்?

மாசிவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் நடுவில் ஜெர்மனியில் இருக்கிற ஹைடல்பெர்க் வந்தேன், ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச். வரும் வெள்ளியோடு வகுப்பு முடிகிறது, சனிக்கிழமை காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏற வேண்டும். கேட்க வந்தது விசா பற்றியோ வேலை பற்றியோ இல்லை, இதையெல்லாம் இங்கே கேட்டால் சிரிப்பார்களோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எங்கள் ஜெர்மன் வகுப்பில் பதினோரு பேர். பிரேசில், கொலம்பியா, ஜப்பான், தைவான், துருக்கி, போலந்து, இத்தாலி என்று ஆளுக்கு ஒரு மூலை. இந்தியாவிலிருந்து நான் மட்டும். முதல் வாரம் யாருக்கும் யார் பேசுவதும் புரியவில்லை. எல்லோருடைய ஜெர்மனும் சமமான மோசம் என்பதாலேயே ஒட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் மார்ஷ்டால் மென்ஸாவில், அதாவது மாணவர் கேன்டீனில், சாப்பாடு. அங்கே தட்டை எடை போட்டுத்தான் காசு, அதனால் தைவான் பையன் உருளைக்கிழங்கு பக்கமே போக மாட்டான், இலை தழையாக அள்ளிக்கொண்டு வந்து எங்களை ஏமாளிகளைப் போலப் பார்ப்பான். இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை கோட்டையைச் சிவப்பு வெளிச்சத்தில் எரிவது போலக் காட்டி வாணவேடிக்கை விட்டார்களே, அன்றைக்கு நெக்கர் ஆற்றங்கரைப் புல்வெளியில் வாத்து எச்சத்தைத் தவிர்த்து இடம் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அப்போதுதான் இத்தாலிப் பெண் சொன்னாள், இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று. அதுவரை யாரும் எண்ணவே இல்லை.

இப்போது பிரச்சினை. வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குக் கடைசி வகுப்பு, ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து சேர்ந்து காலைச் சாப்பாடு. 11 மணிக்கு ஹவுஸ்மைஸ்டர், அதாவது விடுதிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், அறையைப் பார்த்துச் சாவி வாங்க வருகிறார். மதியம் 2 மணிக்கு இன்டர்நேஷனல் ஆபீஸில் நான் இத்தனை நாள் இங்கே படித்தேன் என்ற தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் என் காலேஜ் விடாது. மாலை 5 மணி ரயிலில் பிரேசில் தோழி போகிறாள். துருக்கிப் பையன் வியாழன் இரவே பஸ் ஏறுகிறான். மற்றவர்கள் எல்லோரும் பழைய பாலத்தில் கூடலாம் என்கிறார்கள், எத்தனை மணிக்கு என்று குழுவில் மூன்று நாளாக வாக்கெடுப்பு நடக்கிறது. நான் இதில் எதை விடுவது?

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவா வேண்டாமா என்று தெரியவில்லை. போலந்துப் பெண் என் மாடியிலேயே இருக்கிறாள், ஒரே சமையலறை. மே மாதம் சாம்பார் வைத்தபோது மேடையில் மஞ்சள்தூள் கொட்டி, வெள்ளை மேடையில் உள்ளங்கை அளவு கறை. அதற்கு முந்தின வாரம்தான் நான் கடுகு தாளித்து ஸ்மோக் அலாரம் அடித்து மாடியே வெளியில் வந்து நின்றது. இரண்டும் சேர்ந்து அவள் கத்திவிட்டாள், நானும் கத்தினேன், ஜெர்மனில் கத்தத் தெரியாததால் ஆங்கிலத்தில். அன்றிலிருந்து வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்தும் பேச்சு இல்லை. கடைசி நாள் அவளிடம் போய்ச் சொல்லிக்கொள்வதா, அப்படியே விட்டுவிடுவதா?

கரிசல்காடு எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த 11 மணியை மாற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 2018 குளிர்கால செமஸ்டரில் வேறு ஊரில் இருந்தேன். என் கடைசி நாளை யாரோடு கழித்தேன் தெரியுமா? ஓவனோடு. உள்ளே கரி பிடித்த எண்ணெய், பாத்ரூம் குழாயில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு, ஃப்ரீசரில் ஒரு ஜாண் பனிக்கட்டி. சாவி வாங்க வந்தவர் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மூடினார், மூன்று மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார். நான் கரண்டியால் பனியைப் பேர்த்துக்கொண்டிருந்தேன், நண்பர்கள் ஸ்டேஷனில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது, அந்த ஒரு நாள் மட்டும் ரயில் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. அதில் போன ஒருவனை இன்றுவரை நேரில் பார்க்கவில்லை. ஏழு மாதம் ஒரே மேஜையில் சாப்பிட்டவன்.

அதனால் ஹவுஸ்மைஸ்டருக்கு இன்றைக்கே மெயில் போடு, வியாழன் காலைக்கு மாற்றச் சொல். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தால் சந்தோஷம்தான். ஒரு இரவோ இரண்டு இரவோ பக்கத்து அறையில் தரையில் படுத்துக்கொள்ளலாம். ஃப்ரீசரைச் செவ்வாய் இரவே அணைத்து, கதவைத் திறந்து, கீழே பழைய துண்டைப் போட்டுவிடு. குழாய்க்கு வினிகர் எசன்ஸ் ஊற்றி அரை மணி ஊறவிட்டால் போதும், முழங்கை போகும் வரை தேய்க்க வேண்டாம். அறையை ஒப்படைக்கும்போது எழுதுகிற தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வை, முன்பணம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உன் பேச்சுக்கு அந்தப் போட்டோதான் சாட்சி. அதே காரணத்துக்காக இங்கே இருக்கிற பேங்க் அக்கவுண்டை அவசரப்பட்டு மூடாதே.

அந்த 2 மணியும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஜெர்மன் ஆபீஸில் ஆளைத் தேடுவது ஞாயிற்றுக்கிழமை போஸ்ட் ஆபீஸ் போவது மாதிரி. உண்மையிலேயே அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா, இல்லை நீயாகப் போட்ட கணக்கா?

ஊரைக் காலி செய்கிறேன் என்று நகராட்சியில் பதிவு நீக்குவதும் இருக்கிறது, அப்மெல்டுங். நாட்டை விட்டே போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். கிளம்பும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே செய்யலாம், போன பிறகும் இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ரேடியோ டிவி கட்டணத்தை நிறுத்த முடியும், உன் பெயரில் இருந்தால். மாதம் 18.36 யூரோ, நீ மதுரையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவர்கள் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட்டை, அந்த மாதாந்திர ரயில் பஸ் டிக்கெட்டை, 10ஆம் தேதிக்குள் நிறுத்தினாயா? நிறுத்தவில்லை என்றால் ஆகஸ்ட் காசும் போனதாக வைத்துக்கொள்.

சும்மாஇரு எழுதியது:

நான் எதிர்க்கட்சி. பாலத்தில் பதினோரு பேர் கூடுவதெல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள், பதினோரு பேர் ஒரு ஹோட்டலுக்குப் போனால் மேஜை கிடைக்க அரை மணி, சைவம் யார் வீகன் யார் என்று கால் மணி, கடைசியில் பில் வரும்போது சேர்த்தா தனித்தனியா என்று அந்தம்மா கேட்பார், தனித்தனி என்பீர்கள், பதினோரு பேரும் வரிசையாக நான் குடித்தது இது, நான் தின்றது அது என்று ஒப்பித்து முடிக்க இன்னொரு அரை மணி. நடுவில் யாரோடும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். எங்கள் பேட்ச் கடைசி இரவு அப்படித்தான் போனது. எனக்கு நினைவிருப்பது என் பக்கத்தில் இருந்தவனின் முதுகு மட்டும், அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தான்.

பதினோரு பேரில் உங்களுக்கு உண்மையில் வேண்டியவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோ இருப்பார்கள். அவர்களோடு இந்த வாரமே ஒவ்வொருவராக ஒரு காபி. கூட்டத்துக்கு வகுப்பில் கையை ஆட்டினால் போதும். போலந்துப் பெண்ணை விட்டுவிடுங்கள். கடைசி நாளில் போய்ச் சமாதானம் பேசுவது நமக்காகச் செய்வது, அவளுக்காக இல்லை.

வடமராட்சிஅக்கா எழுதியது:

சும்மாஇரு தம்பி சொல்வதில் பில் கதை மட்டும் உண்மை. மற்றதற்கு நான் ஒத்துவர மாட்டேன்.

நான் ஜேர்மனிக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல், இப்ப ஸ்ருட்கார்ட் பக்கம். நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது யாருக்கும் சொல்லிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. என்னோடு படித்த பிள்ளைகள் நாற்பது பேர், ஒருத்தரிடமும் போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. மேசையில் கொப்பி விரித்தபடி கிடந்தது. அதற்குப் பிறகு கனடாவில் இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கதைத்தேன், மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. அதனால் சொல்லிக்கொள்ள ஒரு நாள் குறித்துக் கிடைத்திருக்கிறது என்றால் அதை வைத்து வாக்கெடுப்பு நடத்திக்கொண்டு இருக்காதேங்கோ, ஒருத்தி எழுந்து நேரத்தைச் சொன்னால் மற்றவர்கள் வருவார்கள். துருக்கிப் பிள்ளை வியாழன் இரவு போகுது என்றால் கூடுவது வியாழன் பின்னேரம்தான். இதில் யோசிக்க என்ன இருக்கு.

சாப்பாடு நீங்கள் செய்யுங்கோ. எலுமிச்சை சாதம் போதும், ஆறினாலும் நல்லா இருக்கும், பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போகலாம். கச்சான் (நிலக்கடலை) போட முதல் யாருக்கும் ஒவ்வாமை இருக்கோ என்று கேட்டுவிடுங்கோ, இங்கத்தைப் பிள்ளைகளுக்குக் கச்சான் ஒவ்வாமை விளையாட்டில்லை. அறையில் கூடுவதென்றால் இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, ஆனால் படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டி, இன்றைக்குக் கடைசி நாள், கொஞ்சம் சத்தம் வரும், மன்னிக்கவும், நீங்களும் வாங்கோ என்று எழுதினால் முக்கால்வாசிப் பேர் பேசாமல் இருப்பார்கள். பரிசு என்று பெரிதாக ஒன்றும் வாங்காதேங்கோ, திருப்பி என்ன கொடுப்பது என்று அவர்கள் அந்தரப்படுவார்கள். கையால் எழுதின ஒரு அட்டை போதும், நாலு வரி ஜேர்மனில், கீழே அவர்களின்ரை பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கோ. என்ரை வேலையிடத்தில் ஒருத்திக்கு அப்படி எழுதிக் கொடுத்தது, பத்து வருசமாகத் தன்ரை மேசையில் வைத்திருக்கிறா.

கொண்டுபோக முடியாத சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு "ட்சு ஃபெர்ஷெங்கன்" (இலவசம், எடுத்துக்கொள்ளுங்கோ) என்று எழுதி வாசலில் வைத்தால் யாரும் எடுத்துப் போவார்கள். மழை வந்தால் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கோ, நனைந்த பெட்டி குப்பை, பிறகு அதற்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

மஞ்சள் கறைக்கு: கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுச் சவர்க்காரத்தால் கழுவி, பகலில் வெயில் படுகிற மாதிரி சன்னல் சீலையைத் திறந்து விடுங்கோ. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் போகும். கறையைப் போக்கினால் அந்தப் பிள்ளையோடு கதைக்கவும் லேசாக இருக்கும்.

ஒசாகாரிட்டர்ன் எழுதியது:

நான் ஜெர்மனி இல்லை, ஜப்பானில் பத்து மாதம். அங்கே பிரியும்போது யோசெகாகி என்று ஒன்று செய்வார்கள். சதுரமான தடித்த அட்டை, நடுவில் போகிறவர் பெயர், அதைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி எல்லோரும் இரண்டு இரண்டு வரி எழுதுவார்கள். எனக்குக் கொடுத்தது இப்போது வீட்டில் சாமி அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறது, அம்மா அது ஏதோ பட்டம் என்று நினைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். உங்கள் வகுப்பு ஜப்பான் ஆளிடம் கேட்டுப் பாருங்கள், சொன்னதும் புரிந்துகொள்வார்.

மாசிவீதி எழுதியது:

கரிசல்காடு அண்ணா, நீங்கள் சொன்னது சரி. 2 மணி என்பது நானாகப் போட்ட கணக்குதான். அந்த ஆபீஸ் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பூட்டு. இன்று காலையே போய்க் கையெழுத்து வாங்கிவிட்டேன், நான்கு நிமிட வேலை. ஹவுஸ்மைஸ்டர் வியாழன் காலை 8 மணி என்று பதில் போட்டிருக்கிறார். எட்டு மணி! ட்ரெயின் டிக்கெட்டை நிறுத்த மறந்துவிட்டேன், ஆகஸ்ட் காசு போனதுதான்.

அக்கா, நீங்கள் சொன்னபடி நானே குழுவில் எழுதிவிட்டேன், வியாழன் மாலை 6 மணி, பாலத்தில், குரங்குச் சிலை பக்கத்தில் என்று. ஒருவர் விடாமல் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். மூன்று நாள் வாக்கெடுப்பு மூன்று நிமிடத்தில் முடிந்தது. போலந்துப் பெண்ணும் கட்டைவிரல் போட்டிருக்கிறாள்.

யோசெகாகி பற்றி ஜப்பான் பையனிடம் கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. ஏற்கெனவே ஏதோ செய்கிறான் என்று நினைக்கிறேன்.

சும்மாஇரு எழுதியது:

சரி, நான் தோற்றேன். போய் வந்து எழுதுங்கள், எப்படி ஆனது என்று.

மாசிவீதி எழுதியது, பத்து நாள் கழித்து:

ஊருக்கு வந்துவிட்டேன். தூக்கம் இன்னும் மூன்றரை மணி நேரம் தள்ளியே இருக்கிறது, அதனால் இதை நடுராத்திரியில் எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரைச் செவ்வாய் இரவு அணைத்தேன். அறையில் சேர்ந்திருந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் புதன்கிழமை, காலி பாட்டிலுக்கு முன்பணத்தைத் திருப்பித் தருகிற கடை மெஷினில் போட்டேன், 43 பாட்டில், ஒன்றுக்கு 25 சென்ட், 10 யூரோ 75 சென்ட் வந்தது, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு பிரெட்ஸல் ரொட்டியும் வெண்ணெயும் அதில்தான். அப்புறம் எண்ணெயும் சோப்பும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன், கறையைத் தேய்க்க. கறை இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் பார்த்து வெட்கப்பட்ட கறை, அந்த இடம் மட்டும் மற்ற மேடையை விடப் பளபளவென்று இருக்கிறது. அந்த மாடியில் ஆறு பேர், யார் தேய்த்தது என்று எனக்குத் தெரியாது, ஊகம் மட்டும் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

வியாழன் காலை 8 மணிக்கு ஹவுஸ்மைஸ்டர் வந்தார். ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார், ஃப்ரீசரைத் திறந்தார், தலையை ஆட்டினார், தாளில் கையெழுத்து, சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் ஏழு நிமிடம். இதற்காகவா நான் ஒரு வாரம் தூங்கவில்லை. பெட்டிகளை இத்தாலிப் பெண் அறையில் போட்டேன்.

மாலை பாலம். துருக்கிப் பையன் நேராக அங்கிருந்து பஸ்ஸுக்குப் போக வேண்டும், அதனால் 30 கிலோ பெட்டியை அந்தக் கல் பாலத்தில் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்தான், டூரிஸ்ட் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலத்து முனையில் வெண்கலக் குரங்கு ஒன்று இருக்கிறது, 1979இல் வைத்தது, கையில் கண்ணாடி பிடித்திருக்கும். கண்ணாடியைத் தொட்டால் பணம் வரும், பக்கத்தில் இருக்கிற எலிகளைத் தொட்டால் பிள்ளை குட்டி நிறைய, நீட்டியிருக்கிற விரல்களைத் தொட்டால் ஹைடல்பெர்க்குக்குத் திரும்பி வருவோம் என்று சொல்வார்கள். நாலு மாதமாகத் தினமும் தாண்டிப் போனோம், ஒருத்தரும் தொட்டதில்லை, அது டூரிஸ்ட் வேலை என்று ஒரு கெத்து. அன்றைக்கு வரிசையில் நின்று தொட்டோம். கொலம்பியா பையன் அவசரத்தில் எலியைத் தொட்டுவிட்டு விரல் என்று நினைத்துக்கொண்டிருந்தான், யாரும் திருத்தவில்லை.

பாலத்திலிருந்து ஃபிலோசஃபன்வெக் என்ற மலைச்சரிவு நடைபாதைக்கு ஏறுகிற பாம்புப் பாதை செங்குத்து, படியும் உண்டு, அந்தப் பெட்டியோடு ஏற முடியாது. பெட்டியை விட்டுவிட்டும் போக முடியாது. அதனால் இரண்டு இரண்டு பேராகக் கீழே பெட்டிக்குக் காவல், மற்றவர்கள் மேலே, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம். ஏதோ காரணத்தால், அது தற்செயலா இத்தாலிப் பெண்ணின் வேலையா தெரியவில்லை, என் முறை வந்தபோது கூட நின்றது போலந்துப் பெண். முதல் பத்து நிமிடம் இருவரும் ஆற்றைப் பார்த்தோம். இந்தப் பாலத்தை 1945இல் போர் முடிகிற சமயத்தில் ஜெர்மன் ராணுவமே வெடி வைத்து உடைத்தது, அப்புறம் 1947இல் திரும்பக் கட்டினார்கள் என்று வகுப்பில் அவள்தான் பிரசன்டேஷன் செய்தாள், அன்றைக்கு நான் கோபத்தில் கேட்காமல் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். தெரியும், பார்த்தேன் என்றாள். எலுமிச்சை சாதம் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, இதிலும் அந்த மஞ்சள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாற்றுக்கு ஆள் வந்துவிட்டார்கள். இவ்வளவுதான், கட்டிப்பிடித்து அழுகிற கதையெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் "மாக்ஸ் கூட்" (நன்றாக இரு) என்றாள், நானும் அதையே சொன்னேன்.

மேலே போனபோது மணி எட்டரை, கோட்டை மேல் இன்னும் வெயில் இருந்தது. சும்மாஇரு அண்ணா, நீங்கள் பயந்த மாதிரி கூட்டத்தில் யாரோடும் பேச முடியாமல் போகவில்லை, அந்தப் பெட்டி புண்ணியத்தில் எல்லோருக்கும் எல்லோரோடும் அரை மணி அரை மணி கிடைத்தது. அடுத்த முறை யாராவது கூட்டம் போட்டால் கனமான பெட்டியோடு ஒருவனை அழைத்து வாருங்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஜப்பான் பையன் பதினோரு அட்டையை எடுத்து வைத்தான். பதினொன்று! துருக்கிப் பையனுக்கும் சேர்த்து, அதைப் படம் பிடித்து அனுப்பி, அப்புறம் தபாலிலும் போட்டான். முதல் அட்டையை மூன்று வாரம் முன்னாலேயே தொடங்கிவிட்டானாம், ஒவ்வொருவரிடமும் நூலகத்தில் பிடித்துப் பிடித்து எழுதி வாங்கியிருக்கிறான், ஆளுக்கு அவரவர் அட்டையை மட்டும் காட்டாமல். என்னிடம் வந்தது நான் கேட்ட பிறகுதான். நான் எழுதியது ஒன்பது அட்டையில்தான், போலந்துப் பெண்ணின் அட்டையை என்னிடம் அவன் கொண்டு வரவே இல்லை. அன்றைக்குக் கொண்டு வந்து, பேனாவையும் கையில் கொடுத்தான். ஒரு சின்ன இடம் விட்டு வைத்திருந்தான். என்னுடைய அட்டையிலும் ஒரு இடம் காலியாக இருந்தது, வகுப்பு முடிவதற்குள் நிரம்பிவிட்டது. என்ன எழுதியிருக்கிறாள் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அக்கா சொன்னபடி எல்லோர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன், தைவான் பையன் தன் பெயர் இவ்வளவு நீளமா என்று கேட்டான்.

வகுப்பு முடிந்து பழைய மாணவர் சிறைக்குப் போனோம், இத்தனை நாளும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது. 1778 முதல் 1914 வரை பல்கலைக்கழகமே தன் மாணவர்களை உள்ளே போட்ட இடம், குடித்துவிட்டு ராத்திரி சத்தம் போட்டதற்கு, ஊருக்குள் பன்றியை அவிழ்த்து விட்டதற்கு. வகுப்புக்கு மட்டும் வெளியே போய் வரலாம். சுவர், கூரை எல்லாம் பெயரும் முகமும் கரியால் வரைந்து இண்டு இடுக்கு இல்லை. பிரேசில் தோழி அதைப் பார்த்துவிட்டு, பார்த்தாயா, இவர்கள் அட்டைக்குக் காசு செலவு செய்யவில்லை என்றாள். அதுதான் அன்றைக்கு அவள் சொன்ன கடைசி ஜோக்.

5 மணி ரயில். பிளாட்ஃபாரத்தில் எல்லோரும் அழுது, கட்டிப்பிடித்து, மூக்கைத் துடைத்து முடித்தபோது ஒலிபெருக்கியில் 40 நிமிடம் தாமதம் என்று சொன்னார்கள். இப்படி ஒரு சங்கடத்தை நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. பெட்டி மேல் உட்கார்ந்து மீதி பிரெட்ஸலைத் தின்றோம், அவள் போனில் ஒரு கேம் காட்டினாள். அப்புறம் பிளாட்ஃபாரம் மாற்றம் என்று அறிவிப்பு, படி இறங்கி ஓடி, ஏறி, அந்த மூச்சிரைப்பில் இரண்டாம் தடவை சொல்லிக்கொள்ளவே நேரம் இல்லை, கதவு மூடிவிட்டது. கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள், நான் தமிழில் போய்ட்டு வா என்று கத்தினேன், ஏன் தமிழில் கத்தினேன் என்று தெரியவில்லை.

ராத்திரி நான்கு பேர் நெக்கர் புல்வெளியில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதேகால் வரை வெளிச்சம் இருந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. வாத்துகள் வந்தன.

வடமராட்சிஅக்கா எழுதியது:

வாசித்துக்கொண்டு வேலைக்குப் பிந்திப் போனேன், பரவாயில்லை. கறையை யார் தேய்த்தது என்று எனக்கும் ஒரு ஊகம் இருக்கு. அது சரி, சாம்பார் வைத்த குக்கர் என்ன ஆனது? திருப்பிக் கொண்டுபோனீங்களா, வாசலில் வைத்தீங்களா?

மாசிவீதி எழுதியது:

குக்கரைக் கொலம்பியா பையனுக்குக் கொடுத்துவிட்டேன் அக்கா, அவன் இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறான். அவர்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு குக்கரில்தான் பீன்ஸ் வேகவைப்பார்களாம், பார்த்ததும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். நேற்றுப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு காலுறைக்குள் குக்கர் வெயிட் இருக்கிறது. தொலையக் கூடாது என்று பத்திரமாகக் கழற்றி வைத்தது நான்தான். அவன் தினமும் பீன்ஸ் படத்துக்குக் கீழே கேள்விக்குறி போட்டு அனுப்புகிறான். மதுரையிலிருந்து ஜெர்மனிக்கு இந்தச் சின்னச் சாமானைத் தபாலில் அனுப்ப எவ்வளவு ஆகும், கஸ்டம்ஸ் தாளில் இதை என்னவென்று எழுதுவது, யாருக்காவது தெரியுமா?